கிணற்றுக் கணக்கும் காசோலைக் கணக்கும்

அமெரிக்காவில் ஒரே நிலத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருப்பது சாதாரணம். மேலே வீடு கட்டி மாடு மேய்ப்பவர் ஒருவர். அதே நிலத்தின் அடியில், பாறைக்குள் கிடக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உரியவர் இன்னொருவர். நிலத்தை விற்கும்போது ‘கனிமம் என்னுடையது’ என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும். அன்றிலிருந்து மேல்நிலம் ஒரு சொத்து, அடிநிலம் ஒரு சொத்து. இரண்டும் தனித்தனியே விற்கப்படும், பாகம் பிரிக்கப்படும், வாரிசுகளுக்குப் போகும். இந்த அடிநிலச் சொத்துக்குத்தான் கனிம உரிமை என்று பெயர்.

இந்த ஏற்பாடு வேரூன்றிய மாநிலம் டெக்சஸ். 1845-இல் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தபோது டெக்சஸ் தன் பொது நிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1866-இல் வந்த மாநில அரசியலமைப்பு, அதுவரை தனியாருக்குக் கொடுத்திருந்த நிலங்களின் கனிமங்களையும் அந்த நில உடைமையாளர்களுக்கே விட்டுக்கொடுத்தது. 1901 ஜனவரி 10 அன்று போமான்ட் ஊருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் குன்றில் எண்ணெய் பீறிட்டபோது, பெயரளவில் இருந்த அந்த உரிமை பணமாக மாறியது.

இந்தியாவில் நிலைமை வேறு. காவிரிப் படுகையில் நரிமணம் பகுதியில் எண்ணெய் எடுக்கப்படுகிறது. எடுக்கும் எண்ணெய்க்கான உரிமத்தொகை மாநில அரசுக்குச் செல்கிறது. நிலத்துக்காரருக்குக் கிடைப்பது மேல்நிலத்தைப் பயன்படுத்தியதற்கான வாடகையும் இழப்பீடும்தான். எண்ணெயில் அவருக்குப் பங்கில்லை. ஆகவே, தனி மனிதர் ஒருவர் எண்ணெய்க் கிணற்றின் மாதக் கணக்கைத் தேடிப் பார்க்கவேண்டிய தேவை இங்கே எழவில்லை. அமெரிக்காவில் எழுந்தது. அங்கே அந்தத் தேவைக்கென்று அரசு ஆவணங்களும் வரைபடங்களும் தரவுத்தளங்களும் இணையத்தில் பெருகியுள்ளன.

வாரத்துக்கு விட்ட நிலம்

கனிம உரிமையாளர் தானே கிணறு தோண்டுவதில்லை. ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் டாலர் செலவாகும். அவர் ஓர் எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகை கொடுக்கிறார். கையெழுத்திடும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு முன்தொகை வரும். எண்ணெய் வந்த பிறகு விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாக மாதாமாதம் வரும். எட்டில் ஒரு பங்கு என்பது நெடுங்கால வழக்கம். நல்ல எண்ணெய் வயல்களில் இப்போது பதினாறில் மூன்று, ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்றெல்லாம் பேசி முடிக்கிறார்கள். தோண்டும் செலவிலோ, கிணறு வறண்டுபோனால் வரும் நட்டத்திலோ அவருக்குப் பங்கில்லை.

தமிழ்நாட்டில் வாரத்துக்கு நிலம் விட்டவர்களுக்கு இந்த உறவு புதிதல்ல. விளைச்சலில் பங்கு என்றால், விளைந்தது எவ்வளவு என்பதே முதல் கேள்வி. அதனால்தான் அறுவடை நாளில் நிலத்துக்காரரோ அவருடைய ஆளோ களத்துமேட்டில் நின்று, மரக்கால் மரக்காலாக அளப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். எண்ணெய்க்கு அப்படியொரு களம் கிடையாது. கிணறு ஒரு கவுண்டியில் (மாநிலத்தின் உட்பிரிவு) இருக்கும், உரிமையாளர் ஆயிரம் மைல் தள்ளி வேறொரு மாநிலத்தில் இருப்பார். தாத்தா வைத்துவிட்டுப் போன உரிமையில் எட்டில் ஒரு பாகம் தன்னுடையது என்பதுகூட அவருக்குச் சில வேளை ஒரு கடிதம் வந்த பிறகுதான் தெரியும். எண்ணெய் எடுப்பவரும், அளப்பவரும், விற்பவரும், பங்கு பிரிப்பவரும், காசோலை எழுதுபவரும் பெரும்பாலும் ஒரே நிறுவனம்.

இந்த இடைவெளியில் உரிமையாளருக்குக் கைகொடுப்பது ஒரு சட்டக் கடமை. கிணற்றை நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு கிணற்றுக்கும் அனுமதி வாங்கவேண்டும். தோண்டி முடித்ததை அறிவிக்கவேண்டும். எடுத்த அளவைக் குறித்த காலத்தில் மாநில அரசுக்கு எழுதித் தரவேண்டும். இந்த விதிகள் உரிமையாளரை நினைத்துப் பிறந்தவை அல்ல. எண்ணெய் வீணாவதைத் தடுக்கவும், வரி வாங்கவும், பக்கத்து நிலத்து எண்ணெயை ஒருவர் உறிஞ்சிக்கொள்ளாமல் பார்க்கவும் வந்தவை. ஆனால் அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். ஒரு காலத்தில் மாநிலத் தலைநகரின் அலுவலக அலமாரிகளில் கிடந்தவை. இப்போது இணையத்தில் இருக்கின்றன. நிறுவனம் அரசிடம் ஒரு கணக்கு சொல்கிறது, காசோலையோடு உரிமையாளரிடம் ஒரு கணக்கு சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கருவிகளின் சாரம்.

சரியான எண் இல்லாமல் தேடல் இல்லை

தேடத் தொடங்குவதற்கு முன் உரிமையாளர் தன் சொத்தை அரசு எந்தப் பெயரில் அறிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும். இங்கே சர்வே எண்ணும் பட்டா எண்ணும் இல்லாமல் பதிவு அலுவலகத்தில் எதுவும் நடக்காததுபோலவே அங்கும்.

முதலாவது, நில விவரம். அது பத்திரத்திலும் குத்தகையிலும் இருக்கும். ஓக்லஹோமா, வடக்கு டகோட்டா முதலிய மாநிலங்களில் நிலம் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், ஒரு செக்‌ஷன். செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்ற மூன்று எண்கள் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். டெக்சஸ் தன் நிலத்தைத் தானே அளந்துகொண்ட மாநிலம் என்பதால் அங்கே இந்த முறை இல்லை. கவுண்டி, சர்வேயின் பெயர், பிளாக், ஆப்ஸ்ட்ராக்ட் எண் என்று போகவேண்டும்.

இரண்டாவது, கிணற்றின் ஏபிஐ எண். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் வகுத்த முறை என்பதால் அந்தப் பெயர். இது கிணற்றின் பிறப்புப் பதிவு எண் மாதிரி; கிணற்றை எத்தனை நிறுவனம் வாங்கினாலும் விற்றாலும் மாறாது. அடிப்படையில் பத்து இலக்கம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: டெக்சஸுக்கு 42, ஓக்லஹோமாவுக்கு 35, வடக்கு டகோட்டாவுக்கு 33. அடுத்த மூன்று இலக்கம் கவுண்டி. கடைசி ஐந்து அந்தக் கவுண்டிக்குள் கிணற்றின் தனி எண். ஆக 42-255 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்ததுமே அது டெக்சஸில் கார்ன்ஸ் கவுண்டியில், ஈகிள் ஃபோர்டு வயலின் நடுவே உள்ள கிணறு என்று சொல்லிவிடலாம். பத்துக்குப் பின் மேலும் இலக்கங்கள் இருந்தால் அவை அதே கிணற்றிலிருந்து பிரிந்த துளையையும், மீண்டும் செய்த நிறைவுப் பணியையும் குறிக்கும்.

மூன்றாவது, குத்தகை எண். டெக்சஸில் எண்ணெய்க்கு இதுதான் முக்கியம். இதில் ஒரு பொறி உண்டு: குத்தகை எண் மாநிலம் முழுவதற்கும் தனித்த எண் அல்ல, எண்ணெய் நிர்வாகத்துக்காகப் பிரித்த மாவட்டத்துக்குள் மட்டுமே தனித்தது. ஒரே எண் 2-ஆம் மாவட்டத்தில் ஒரு குத்தகையையும் 8-ஆம் மாவட்டத்தில் வேறொன்றையும் குறிக்கலாம். மாவட்டத்தையும், எண்ணெயா எரிவாயுவா என்பதையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் யாரோ ஒருவருடைய கிணற்றின் கணக்கைப் படித்துவிட்டு மகிழவோ வருந்தவோ நேரும்.

டெக்சஸ்: ரயில் பெயரில் ஓர் எண்ணெய் அலுவலகம்

டெக்சஸில் எண்ணெயையும் எரிவாயுவையும் கட்டுப்படுத்தும் அமைப்பின் பெயர் ரயில்ரோடு கமிஷன். 1891-இல் ரயில் கட்டணங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கப்பட்டது. 1917-இல் குழாய்ப் பாதைகளும் 1919-இல் எண்ணெய், எரிவாயு உற்பத்தியும் அதன் பொறுப்பில் வந்தன. 2005-இலிருந்து ரயிலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மூன்று ஆணையர்கள் அதை நடத்துகிறார்கள். உரிமையாளருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதியை இது இலவசமாகவே தருகிறது.

தேடலை வரைபடத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கமிஷனின் வரைபடத்தில் சர்வே எல்லைகள், கிணறுகள், குழாய்ப் பாதைகள் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். தன் சர்வேயைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கினால் கிணறுகள் புள்ளிகளாகத் தெரியும். புள்ளியைத் தொட்டால் ஏபிஐ எண் வரும். படுக்கைவாட்டில் தோண்டிய கிணற்றுக்குத் தரையில் தொடங்கும் இடமும் அடியில் முடியும் இடமும் ஒரு கோட்டால் இணைக்கப்பட்டிருக்கும். இந்தக் கோடுதான் உரிமையாளருக்கு முக்கியம். தன் நிலத்தில் ஓர் இயந்திரமும் நிற்கவில்லையே என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு மைலுக்கு அப்பால் தொடங்கிய கிணறு அவருடைய நிலத்தின் அடியில் நீண்டு கிடக்கும்.

அடுத்தது அனுமதி விண்ணப்பம். டபிள்யூ-1 என்பது அதன் படிவப் பெயர். தோண்டுவதற்கு முன்பே தாக்கல் செய்யப்படுவதால், வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் ஆவணம் இதுவே. எந்த நிறுவனம், எந்தப் பாறை அடுக்கு, எவ்வளவு ஆழம், எத்தனை ஏக்கர் அந்தக் கிணற்றோடு சேர்க்கப்பட்டுள்ளது என்பவை அதில் இருக்கும். அனுமதி இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும். அனுமதி பெற்ற எல்லாக் கிணறுகளும் தோண்டப்படுவதில்லை. தோண்டி முடித்த பின் வருவது நிறைவு அறிக்கை: எண்ணெய்க் கிணற்றுக்கு டபிள்யூ-2, எரிவாயுக் கிணற்றுக்கு ஜி-1. முதல் சோதனையில் இருபத்துநான்கு மணி நேரத்தில் எத்தனை பீப்பாய் வந்தது என்பதை இதில் காணலாம். பல நிலங்களை ஓர் அலகாகச் சேர்த்திருந்தால் பி-12 என்ற படிவத்தில் எந்த நிலத்திலிருந்து எத்தனை ஏக்கர் என்ற பட்டியல் இருக்கும். உரிமையாளர் தன் நிலம் அந்தப் பட்டியலில் உண்டா, ஏக்கர் சரியா என்று அங்கே சரிபார்க்கலாம்.

உற்பத்திக் கணக்குக்கு என்று தனித் தரவுத்தளம் ஒன்று உண்டு. 1993 ஜனவரி முதல் இன்றுவரையான மாதக் கணக்கு அதில் இருக்கிறது. நிறுவனம் ஒவ்வொரு மாதக் கணக்கையும் அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் தரவேண்டும். அந்த அறிக்கை வெறும் உற்பத்தி எண் அல்ல. மாதத்தில் எடுத்தது எவ்வளவு, தொட்டியிலிருந்து அனுப்பியது எவ்வளவு, மாத இறுதியில் தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று வரவு, செலவு, இருப்பு மூன்றும் அதில் இருக்கும். எரிவாயுவுக்கு அது எங்கே போனது என்பதும் உண்டு: குழாய்க்குப் போனதா, சுத்திகரிப்பு ஆலைக்குப் போனதா, வயலிலேயே எரிபொருளாகப் பயன்பட்டதா, அல்லது குழாய் இல்லாமல் வானத்தில் எரித்துவிடப்பட்டதா. ராயல்டி வராத எரிவாயு எங்கே போனது என்ற கேள்விக்கு விடை பல நேரம் இந்தக் கடைசிக் கட்டத்தில் கிடைக்கும்.

இந்தத் தரவுத்தளத்தில் இரண்டு குறைகள் தெரிந்திருக்கவேண்டும். முதலாவது, டெக்சஸில் எரிவாயு கிணறு வாரியாகவும் எண்ணெய் குத்தகை வாரியாகவும் கணக்கிடப்படுகிறது. ஒரு குத்தகையில் ஆறு எண்ணெய்க் கிணறு இருந்தால் ஆறுக்கும் சேர்த்து ஒரே எண்தான் வரும். தனித்தனியாக எவ்வளவு என்பதைச் சோதனை அறிக்கைகளை வைத்து மதிப்பிடலாமே தவிர, உறுதியாகச் சொல்ல முடியாது. தனியார் தளங்கள் காட்டும் ‘கிணறு வாரி’ எண்கள் டெக்சஸ் எண்ணெயைப் பொறுத்தவரை பெரும்பாலும் இப்படிப் பங்கிட்ட மதிப்பீடுகளே. இரண்டாவது, புதுக் கிணற்றுக்குக் குத்தகை எண் கிடைக்கும்வரை அதன் உற்பத்தி அனுமதி எண்ணின்கீழ் பதிவாகும். குத்தகை எண்ணை மட்டும் தேடியவருக்கு முதல் சில மாதங்கள் வெறுமையாகத் தெரியும். அந்த மாதங்களில்தான் புதுக் கிணறு மிக அதிகமாகச் சுரக்கும்.

கமிஷனுக்குப் பக்கத்தில் இன்னோர் அரசு அலுவலகமும் உண்டு. மாநில வரவு செலவைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம் எண்ணெய் மதிப்பில் 4.6 சதவீதமும் எரிவாயு மதிப்பில் 7.5 சதவீதமும் உற்பத்தி வரி வாங்குகிறது. வரிக்காக நிறுவனங்கள் சொன்ன அளவையும் மதிப்பையும் அதன் தளத்தில் குத்தகை வாரியாகத் தேடலாம். ரயில்ரோடு கமிஷனிடம் சொன்னது அளவு மட்டும். இங்கே சொன்னது பணமும்கூட. ஆக மூன்றாவது கணக்கு ஒன்று ஒத்துப்பார்க்கக் கிடைக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் வேறு வழக்கம்

டெக்சஸில் பழகியவர் வேறு மாநிலத்துக்குப் போனால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும்.

வடக்கு டகோட்டாவில் கணக்கு கிணறு வாரியாகவே கிடைக்கும். இது பெரிய வசதி. வரைபடமும் மாதாந்தரப் புள்ளிவிவரமும் இலவசம்; கிணற்றுக் கோப்புகளை விரிவாகப் பார்க்க ஆண்டுச் சந்தா கட்டவேண்டும். புதுக் கிணற்றின் விவரங்களை ஆறு மாதம்வரை மறைத்துவைக்க நிறுவனம் கேட்டுக்கொள்ளலாம். பக்கத்துப் போட்டியாளருக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம்; உரிமையாளருக்கும் தெரியாமல் போவது அதன் விளைவு. அந்த ஆறு மாதமும் விற்ற எண்ணெயின் அளவு மட்டும் பொதுவில் தெரியும்.

ஓக்லஹோமாவில் வேலை இரண்டு அலுவலகங்களுக்குப் பிரிந்திருக்கிறது. அனுமதி, நிறைவு அறிக்கை, கிணற்று வரைபடம் ஆகியவை கார்ப்பரேஷன் கமிஷனிடம்; உற்பத்தி அளவு வரி வாங்கும் டாக்ஸ் கமிஷனிடம். அங்கே கட்டாய இணைப்பு என்ற நடைமுறையும் உண்டு. குத்தகை கொடுக்க மறுப்பவரையும், கண்டுபிடிக்க முடியாத வாரிசையும் கமிஷன் ஆணை பிறப்பித்து அலகில் சேர்த்துவிடும். எந்தப் பங்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வழக்கமாக 20 நாள்தான் கொடுப்பார்கள். கமிஷனின் வழக்கு ஆவணங்களைத் தன் செக்‌ஷன் எண்ணைப் போட்டு அவ்வப்போது தேடிப் பார்ப்பவருக்கு இந்த நாட்கள் நழுவிப்போகாது.

லூசியானாவில் சோன்ரிஸ் என்ற ஒரே தளத்தில் வரைபடமும் கிணற்றுக் கோப்பும் உற்பத்தியும் இலவசமாகக் கிடைக்கும். அந்த மாநிலத்தில் கிணற்றுத் தேதிகளைப் பார்ப்பதற்குக் கூடுதல் காரணம் உண்டு: நிலத்திலிருந்து பிரித்த கனிம உரிமையைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் அது மேல்நிலத்துக்காரருக்கே திரும்பிவிடும். கடைசி உற்பத்தி எந்த மாதம் என்ற ஒரு தகவலில் முழுச் சொத்தும் தொங்கலாம். பென்சில்வேனியாவில் மார்செல்லஸ் பாறையில் தோண்டிய எரிவாயுக் கிணறுகளின் கணக்கு 2015 முதல் மாதாமாதம் வருகிறது. பழைய வகைக் கிணறுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். ஒஹாயோவில் படுக்கைவாட்டுக் கிணறுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கான்சஸில் இந்த வேலையைச் செய்வது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிலவியல் ஆய்வகம். குத்தகை வாரியாகப் பல பத்தாண்டுக் கணக்கு அதன் தளத்தில் இலவசம்.

ஒரு காசோலையைப் பிரித்துப் பார்த்தல்

இந்தக் கருவிகளைப் பயன்படுத்தும் விதத்தை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். கார்ன்ஸ் கவுண்டியில் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் இருந்தது. மூத்த தலைமுறை நிலத்தை விற்றபோது கனிமத்தில் பாதியை வைத்துக்கொண்டது. பாதி என்றால் 80 ஏக்கர். நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு 20. அந்த 160 ஏக்கரும் 640 ஏக்கர் அலகு ஒன்றில் சேர்க்கப்பட்டுள்ளது. குத்தகையில் ராயல்டி பதினாறில் மூன்று.

20-ஐ 640-ஆல் வகுத்து, பதினாறில் மூன்றால் பெருக்கினால் 0.00585938 வரும். இதைத்தான் தசமப் பங்கு என்கிறார்கள். நிறுவனம் பணம் அனுப்பத் தொடங்குவதற்கு முன் இந்த எண்ணை எழுதி ஒரு பங்கீட்டு ஆவணம் அனுப்பும். நிறுவனத்தின் வழக்கறிஞர் மூலப்பத்திரத்தைப் படித்தபோது ‘பாதி’ என்ற சொல்லை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருந்தால் அந்த இடத்தில் 0.00292969 என்று இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிணறு ஓடும் காலம் முழுவதும் வருமானம் பாதியாகும். ஏக்கர் எண்ணிக்கையைக் கவுண்டி பதிவு அலுவலகத்தின் பத்திரங்களிலும், அலகின் பரப்பை ரயில்ரோடு கமிஷனின் படிவத்திலும் பார்த்து, இந்த ஒரு வகுத்தலை உரிமையாளர் தானே போட்டுப் பார்ப்பது எல்லாச் சரிபார்ப்பிலும் முதன்மையானது. டெக்சஸில் 254 கவுண்டிகள். அவற்றில் பலவற்றின் பத்திரங்களை இப்போது இணையத்திலேயே பார்க்க முடிகிறது.

அடுத்தது அளவு. ஒரு மாதம் கமிஷனின் தளம் 12,000 பீப்பாய் உற்பத்தி என்று காட்டுகிறது. காசோலையோடு வந்த சீட்டில் 11,700 என்று இருக்கிறது. 300 பீப்பாய் எங்கே? அதே அறிக்கையில் தொட்டி இருப்பைப் பார்க்கவேண்டும். மாதத் தொடக்கத்தில் 800 பீப்பாய் இருந்தது, இறுதியில் 1,100 இருந்தது. எடுத்த 300 பீப்பாய் தொட்டியிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் விற்கும்போது பணம் வரும். திருட்டு இல்லை, இருப்பு. ராயல்டி விற்றதற்குத்தான், எடுத்ததற்கு அல்ல என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பீப்பாய் 70 டாலர் என்று வைத்தால் 11,700 பீப்பாயின் மதிப்பு 8,19,000 டாலர். தசமப் பங்கால் பெருக்கினால் 4,798 டாலர் 83 சென்ட். அதில் 4.6 சதவீத உற்பத்தி வரி 220 டாலர் 75 சென்ட். சிறு கட்டணங்கள் நீங்கலாகக் கைக்கு வரவேண்டியது 4,578 டாலர் 8 சென்ட். விலை நியாயமானதா என்பதை அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வெளியிடும் சந்தை விலையோடு ஒப்பிடலாம். வயலிலிருந்து கொண்டுபோகும் செலவுக்கும் எண்ணெயின் தரத்துக்கும் ஏற்பச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. மாதாமாதம் ஒரே அளவில் குறையாமல் தாறுமாறாகக் குறைந்தால் கேள்வி கேட்கவேண்டும்.

எரிவாயுவில் கணக்கு சிக்கலானது. வாயுவின் கன அளவு அழுத்தத்தைப் பொறுத்தது. டெக்சஸ் சதுர அங்குலத்துக்கு 14.65 பவுண்டு என்ற அழுத்தத்தில் அளக்கிறது, லூசியானா 15.025. எல்லையின் இரு பக்கமும் உரிமை உள்ளவருக்கு ஒரே வாயு இரண்டரை சதவீதம் வேறுபட்டுத் தெரியும். அதோடு, விற்பனை கன அடியில் அல்லாமல் வெப்ப அளவில் நடக்கும். ஆலையில் புரொப்பேன், பியூட்டேன் போன்ற திரவங்களைப் பிரித்தெடுத்த பின் வாயு சுருங்கும்; அந்தத் திரவங்களுக்குச் சீட்டில் தனி வரி இருக்கவேண்டும். சேகரித்தல், அழுத்தம் ஏற்றுதல், கொண்டுசெல்லுதல் என்று கழிவுகள் வரும். அவற்றைக் கழிக்கலாமா கூடாதா என்பதைக் குத்தகையின் வாசகம்தான் தீர்மானிக்கும். எந்த இணையதளமும் சொல்லாது.

டெக்சஸ் சட்டப்படி காசோலைச் சீட்டில் சில விவரங்கள் இருந்தே ஆகவேண்டும்: குத்தகை அல்லது கிணற்றின் அடையாளம், விற்பனை மாதம், மொத்த அளவு, விலை, வரி, மற்றக் கழிவுகள், உரிமையாளரின் தசமப் பங்கு. பணத்துக்கும் கெடு உண்டு. முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாளுக்குள் முதல் காசோலை வரவேண்டும். பிறகு எண்ணெய்க்கு மாதம் முடிந்து 60 நாள், எரிவாயுவுக்கு 90 நாள். ஆகவே ஜனவரி உற்பத்தியை மார்ச் காசோலையில் தேடவேண்டும். ஜனவரி காசோலையோடு ஜனவரி உற்பத்தியை ஒப்பிட்டுக் குழம்புவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

துணைக் கருவிகள்

அரசுக் கணக்குக்கு முந்திய ஒரு தடயம் ஃப்ராக்ஃபோகஸ் என்ற பதிவேட்டில் கிடைக்கும். 2011-இல் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மன்றமும் எண்ணெய் மாநிலங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து தொடங்கியது. பாறையை உடைக்கச் செலுத்திய திரவத்தில் என்னென்ன இருந்தன என்று தெரிவிப்பது அதன் நோக்கம். உரிமையாளருக்குப் பயன்படுவது அதிலுள்ள தேதி: பாறை உடைக்கும் வேலை முடிந்துவிட்டது என்றால் எண்ணெய் வரும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள்.

முகவரி மாறியதாலோ வாரிசு தெரியாததாலோ சேராத ராயல்டி பணம் மூன்று ஆண்டுக்குப் பின் டெக்சஸில் கம்ப்ட்ரோலரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவருடைய உரிமை கோரப்படாத சொத்துப் பட்டியலில் பெயரைப் போட்டுத் தேட ஒரு நிமிடம் போதும். தன் பெயரை மட்டுமல்ல, இறந்துபோன தாத்தா பாட்டியின் பெயரையும் தேடவேண்டும். பணம் பெரும்பாலும் அவர்கள் பெயரிலேயே காத்திருக்கும்.

தனியார் சேவைகளும் உண்டு. 1999-இல் ஆஸ்டின் நகரில் டிரில்லிங்இன்ஃபோ என்று தொடங்கி 2019-இல் என்வெரஸ் என்று பெயர் மாறிய நிறுவனம் அவற்றில் பெரியது. பல மாநிலத் தரவை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, வரைபடமும் போக்குக் கோடும் வரைந்து தருவதுதான் இவை சேர்க்கும் மதிப்பு. மூலம் பெரும்பாலும் அதே மாநில ஆவணங்கள். எண்ணெய் நிறுவனங்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் இவற்றுக்கான செலவு கட்டுபடியாகும். இரண்டு மூன்று கிணற்றில் சிறு பங்கு உள்ளவருக்கு இலவச அரசுத் தளங்களே போதும். எண் முரண்பட்டால் அரசு ஆவணமே மூலம், தனியார் தளம் நகல் என்பதை மறக்கக்கூடாது.

போக்குக் கோடு ஒன்றை மட்டும் உரிமையாளர் தானே வரைந்துகொள்வது நல்லது. மாதத்தை ஓர் அச்சிலும் பீப்பாயை இன்னோர் அச்சிலும் குறித்தால் ஷேல் பாறையில் தோண்டிய கிணற்றின் குணம் தெரிந்துவிடும்: முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் இறங்கி, பிறகு நீண்ட காலம் மெதுவாகத் தேயும். 1945-இல் ஜே. ஜே. ஆர்ப்ஸ் என்ற பொறியாளர் இந்தத் தேய்மானத்துக்குக் கொடுத்த சூத்திரங்களே இன்றும் அடிப்படை. இரண்டு நேரங்களில் இந்தக் கோடு காப்பாற்றும். முதல் ஆறு மாதக் காசோலையை நம்பிக் கடன் வாங்கி வீடு கட்ட நினைக்கும்போது ஒன்று. உரிமையை விலைக்குக் கேட்டுக் கடிதம் வரும்போது இன்னொன்று. அப்படிப்பட்ட கடிதங்கள் திடீரென்று குவிந்தால், அக்கம்பக்கத்தில் டபிள்யூ-1 விண்ணப்பம் தாக்கலாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். வாங்க வருபவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

பார்க்காதவரின் பாடு

இந்த ஆவணங்களைப் பார்ப்பது விருப்பம் உள்ளவர்கள் செய்யும் வேலை என்று நினைப்பவர்களுக்கு டெக்சஸ் நீதிமன்றங்கள் வேறு பதில் சொல்லியிருக்கின்றன. ராயல்டி குறைத்துக் கொடுக்கப்பட்டது என்று வழக்குத் தொடர அங்கே நான்கு ஆண்டு காலக்கெடு. தனக்கு விஷயமே பின்னால்தான் தெரிந்தது, அதனால் தெரிந்த நாளிலிருந்து கணக்கிடவேண்டும் என்று உரிமையாளர்கள் வாதிட்டதுண்டு. 2011-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் பெரிய எண்ணெய் நிறுவனங்களுக்கு எதிரான இரண்டு வழக்குகளில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவுகள் இருந்தன. அக்கறையோடு பார்த்திருந்தால் காலத்துக்குள் தெரிந்திருக்கும் என்பதே தீர்ப்பின் சாரம். நிறுவனம் அரசுக்குக் கொடுத்த ஆவணமே பொய்யாக இருந்தால் நிலைமை வேறாகலாம் என்று 2015-இல் வந்த தீர்ப்பு ஒரு வாசலைத் திறந்துவைத்தது. பொது விதி மாறவில்லை.

ஆகவே கனிம உரிமை உள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒரு நாளாவது உட்கார்ந்து, தசமப் பங்கை ஒரு முறை வகுத்து, பன்னிரண்டு மாதச் சீட்டுகளையும் பன்னிரண்டு மாத அறிக்கைகளையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுவிடவேண்டும். முரண்பட்ட மாதத்தைக் குறித்து நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கேள்வி எழுதவேண்டும். களத்துக்குப் போகாதவருக்கு அளந்த நெல்லைப் பற்றிப் பிறகு பேச உரிமை குறைவு. எண்ணெய்க்கான களம் இப்போது இணையத்தில் இருக்கிறது; அங்கே போகாமல் விட்ட ஐந்தாவது ஆண்டில் முதலாம் ஆண்டுப் பணம் சட்டப்படி கைவிட்டுப் போய்விடும்.